இந்த மாதம் காதில் விழுந்தது

ஜனவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். உன் நலத்தை இப்போது கேட்கப் போவதில்லை. கேட்டால் நாலு பக்கம் பதில் எழுதுவாய், அதைப் படிக்கும் பொறுமை இந்த வாரம் எனக்கு இல்லை. எனக்கு ஒரு பாட்டு கிடைத்திருக்கிறது.

போன வாரம் ஒரு மனிதர் கடைக்கு வந்து, சின்ன எம்பி3 பிளேயர் ஒன்றை மேஜையில் வைத்தார். "ஒரு பக்கம் கேக்கல சார்" என்றார். நம்ம கட்சி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எப்போது வேண்டும் என்று கேட்டதற்கு, "அவசரமே இல்ல. நல்லா ஓட்டிப் பாத்துட்டு மெதுவா குடுங்க" என்றார். இருபத்தாறு வருஷமாக ஹெட்போனும் ஸ்பீக்கரும் ரிப்பேர் செய்கிறேன், இந்த வார்த்தையை எந்த வாயிலிருந்தும் கேட்டதில்லை. எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன், மடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் திறந்து கிடந்தது.

ஹெட்போன் சொருகும் இடத்தில் ஒரு ஈயப்பொட்டு விட்டிருந்தது. பற்றவைக்க இரண்டு நிமிஷம். அப்புறம் என் வழக்கப்படி, உள்ளே இருந்த பாட்டுகளையே போட்டுச் சோதித்தேன். மொத்தம் நாலு. மூன்று குப்பை. நாலாவது ஓடத் தொடங்கியதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு பெண். ஒரே ஆள். அவளே பாடுகிறாள், கிட்டாரும் அவளே, இரண்டாவது குரலும் அவளே, தாளத்துக்கு மேஜையைத் தட்டுவதும் அவளேதான். வேலைக்குக் கிளம்பிப் பாதி வழி போனபின், வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பி நடக்கிற ஒருத்தியின் பாட்டு.

பூட்டினேனா, பூட்டலையா,
கைக்குத் தெரியும், எனக்குத் தெரியலையே

இவ்வளவுதான் பல்லவி. காதல் இல்லை, கண்ணீர் இல்லை. ஆனால் அந்த மேஜைத் தட்டு இருக்கிறதே, அவள் நடப்பது, நிற்பது, யோசிப்பது, மறுபடி நடப்பது எல்லாம் அந்தத் தட்டிலேயே வந்துவிடுகிறது. 'அடுத்த வீடு' என்ற பெயரில் பாடுகிறாளாம். அண்ணி தன் போனில் தேடிப் பார்த்தாள். தானே பாடி, தானே இணையத்தில் போட்டிருக்கிறாள், கேட்டவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். போனில் பாட்டுக் கேட்பது பாவம் என்பதால் நான் அதில் கேட்கவில்லை.

ஏன் இவ்வளவு குதிக்கிறேன் என்று உனக்குத்தான் புரியும். ஒன்றேகால் வருஷத்துக்கு முன் டாக்டர் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டி, "மேல் சத்தமெல்லாம் போயிடுச்சு, இடது பக்கம் ரொம்பவே" என்றாரே, அதை உன்னிடம் மட்டும்தான் எழுதினேன். அண்ணிக்குக்கூடச் சொல்லவில்லை. காது போன ரிப்பேர்காரனும் பல் பிடுங்கின பாம்பும் ஒன்று. ஆனால் பார், என் கடை வாசல் கரும்பலகை நிற்கவில்லை. மாதம் ஒரு பாட்டு. யாருடைய சிபாரிசும் கிடையாது, கெஞ்சினாலும் கிடையாது. தானாக வந்து என் காதில் விழ வேண்டும். இந்தக் காதில் இன்னும் விழுகிறது.

நேற்று எழுதிவிட்டேன். "இந்த மாதம் காதில் விழுந்தது: அடுத்த வீடு, 'பூட்டினேனா'. ஒற்றை ஆள். அந்த மேஜைத் தட்டுக்காகவே கேளுங்கள்." நீயும் கேள். உன் கம்பெனி நோட்டீஸ் அடித்துத் தூக்கிவிடும் பாடகர்களோடு இவளை ஒப்பிடாதே.

உன்
அண்ணன்


ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நலம். நாலு பக்கம் எழுதத்தான் நினைத்தேன், ஆபீஸில் தலைக்கு மேல் வேலை.

'அடுத்த வீடு' என்ற பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. புதுப் பாடகர்களைத் தேடிப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், ஆனால் நீ கடையில் உட்கார்ந்த இடத்தில் பிடித்துவிடுகிறாய். என் மேலாளருக்குத் தெரிந்தால் என்னை அனுப்பிவிட்டு உன்னை வைத்துக்கொள்வார். அந்த நாள் தூரத்தில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். போன வருஷம் நான் கொண்டுவந்த மூன்று பேரும் எடுபடவில்லை.

பாட்டைக் கேட்டேன். எனக்குப் பிடித்தது. நான் உனக்கு எத்தனை பேரைக் கேள் கேள் என்று எழுதியிருக்கிறேன், ஒருவரையாவது கேட்டிருக்கிறாயா? உன் பலகையில் இடம் பிடிப்பதைவிட ரயிலில் ஜன்னல் சீட் பிடிப்பது சுலபம். இவளுக்குக் கிடைத்திருக்கிறது, அதிர்ஷ்டக்காரி.

உங்கள் ஊர் வானொலிக்காரர் மாதாமாதம் உன் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவாரே, இந்த முறை வந்தாரா? என்ன சொன்னார்? மறக்காமல் எழுது.

காதைப் பற்றிக் கவலைப்படாதே. காது நன்றாக இருப்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

வாயாடி


ஜனவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

வானொலிக்காரர் வந்தார். நின்று படித்தார், உள்ளே வந்து பிளேயரில் கேட்டார், தலையை ஆட்டினார். அடுத்த மாதம் அவளை நேரில் பாட அழைத்திருக்கிறார்களாம். பக்கத்துக் கடைத் தையல்காரர் மிஷின் ஓட்டிக்கொண்டே பூட்டினேனா பூட்டலையா என்று பாடுகிறார். இருநூறு பேர் கேட்டது இப்போது நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது என்று அண்ணி சொன்னாள். இந்த ஓட்டைக் கடையின் பலகைக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

புதன்கிழமை வயலின் டீச்சர் தன் ஸ்பீக்கரை வாங்க வந்தார். பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க எழுதினதப் படிச்சுட்டுத்தான் கேட்டேன். பாட்டு முழுக்கக் கண்ணாடியத் தட்டற மாதிரி சன்னமா ஒரு சத்தம் வருதே, அதான் சார் உயிரே. ஆனா நீங்க சொல்ற மேஜைத் தட்டு எங்க வருது? நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன்."

தன் போனிலேயே போட்டுக் காட்டினார். போனில் கேட்க மாட்டேன் என்ற வீராப்பையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு காதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அவள் குரல் இருக்கிறது, கிட்டார் இருக்கிறது. கண்ணாடிச் சத்தம் ஒரு சொட்டுக்கூட எனக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த மேஜைத் தட்டும் அதில் இல்லை. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாமா, அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு பொய்யை நான் இந்தக் கடையில் சொன்னதே இல்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு டாக்டரிடம் ஓடினேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் சோதித்தார். "போன தடவை எப்படியோ அப்படியேதான் இருக்கு, கூடவும் இல்ல குறையவும் இல்ல" என்றார். மேல் சத்தம் கேட்காது, அது தெரிந்ததுதான். கீழ்ச் சத்தமான மேஜைத் தட்டு எங்கே போனது? பிளேயரில் போட்டால் ஜோராகக் கேட்கிறதே. இல்லாத ஒன்றைக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. மூன்று நாளாகத் தூக்கம் சரியாக இல்லை. நீ இரண்டையும் கேட்டுவிட்டு உண்மையைச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒன்றுமே இல்லாததற்கு இப்படிக் கலங்கலாமா? போனில் பாட்டு அப்படித்தான் இருக்கும், பாதியைத் தின்றுவிடும் என்று நீதானே ஊருக்கெல்லாம் சொல்வாய். ஒரே பாட்டை இரண்டு மூன்று விதமாகப் பதிவு செய்து போடுவது இப்போது சகஜம். நீ கேட்டது ஒரு விதம், டீச்சர் கேட்டது ஒரு விதம், அவ்வளவுதான். உன் காதுக்கு ஒன்றுமில்லை, டாக்டரே சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் செய். அந்தப் பிளேயரை உரியவரிடம் கொடுத்துவிடு. அடுத்தவர் பொருளை ஒரு மாதமாக வைத்துக்கொண்டு குடைந்துகொண்டிருந்தால் இல்லாத சந்தேகமெல்லாம் வரும்.

இன்னொரு சமாச்சாரம். உன் பலகையின் புண்ணியத்தில் எங்கள் கம்பெனியே அந்தப் பெண்ணோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. உலகம் எவ்வளவு சின்னது பார்.

வாயாடி


பிப்ரவரி 11

தங்கைக்கு,

உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. ஏழாம் தேதி காலையில், நான் ஷட்டரைத் தூக்கும்போதே, அவசரமே இல்லை என்ற அந்த மனிதர் வாசலில் நிற்கிறார். "உடனே வேணும் சார், வெளியூர் போறேன்" என்றார். இன்னும் சரியாகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார்.

அப்புறம் நான் முன்னமே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒலியைக் கோடாகக் காட்டும் திரை ஒன்று கடையில் இருக்கிறதே, அதை எடுத்து வைத்தேன். காது கைவிட்டாலும் கண் இருக்கிறது. டீச்சரிடம் வாங்கிய பாட்டை ஓட்டினேன். மேலே, என் காதுக்கு எட்டாத இடத்தில், வரிசையாக முள் முள்ளாக நின்றது. அதுதான் கண்ணாடிச் சத்தம். பிளேயரில் இருந்ததை ஓட்டினேன். மேலே துடைத்துவிட்டாற்போல வெறுமை. முள் இருந்த அதே இடங்களில், கீழே, கனமாக ஒரு தட்டு. ஒன்றுகூடத் தவறவில்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கி, பதிலுக்கு ஒரு மேஜைத் தட்டை நட்டிருக்கிறார்கள்.

எதற்கு? மேல் சத்தம் கேட்காத ஒருவனுக்காக. என் காதைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் டாக்டர். அவருக்குப் பாட்டு விற்கும் தொழில் இல்லை.

கேள்விப்பட்டதே இல்லை என்று எழுதினாய். உலகம் சின்னது என்று எழுதினாய். இல்லாத சத்தம் கேட்கிறதோ என்று நான் பயந்து நடுங்கி உன்னிடமே வந்து நின்றபோதும், பிளேயரைத் திருப்பிக் கொடு என்று எழுதினாய். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், உனக்குச் சாட்சியை அழிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு.

காதில் பூ சுற்றுவது என்பார்கள். செவிட்டுக் காதில் பூ சுற்றியவள் நீ ஒருத்திதான் இருப்பாய். அதுவும், அந்தக் காது எவ்வளவு செவிடு என்று நானே உனக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்துக்கொண்டு.

பதில் எழுது. சப்பைக்கட்டு வேண்டாம்.

(பெயருக்கு) அண்ணன்


பிப்ரவரி 18

அண்ணா,

ஆமாம். நான்தான். வந்தவர் எங்கள் ஆபீஸ் டிரைவர். அவரைத் திட்டாதே, பொய் சொல்லத் தெரியாத மனிதர், நான்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பெண்ணோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது டிசம்பர் முதல் வாரம்.

சப்பைக்கட்டு வேண்டாம் என்கிறாய். சரி, என் பக்கத்தைச் சொல்கிறேன், அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

கல்லூரியில் படிக்கும்போதிலிருந்து உனக்குப் பாட்டு அனுப்புகிறேன். என் கையாலேயே பெயர் எழுதி, வரிகளைக் காப்பி எடுத்து, டப்பாவில் போட்டு அனுப்புவேன். ஒருமுறை லீவுக்கு வந்து கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டப்பாவைத் திறந்து திருகாணி எடுத்தாய். அது நான் அனுப்பிய டப்பா. பாட்டு எங்கே என்று கேட்டேன். "நானா தேடிக்கற பாட்டுதான் என் காதுல நிக்கும், நீ அனுப்பறத நிறுத்து" என்றாய். கடையில் நாலு பேர் இருந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே உன்னைப் பார்த்துத்தான் என்று அன்றைக்குச் சொல்லலாம் என்று வந்திருந்தேன்.

உனக்கு ஒன்றைச் சிபாரிசு செய்ய ஒரே வழிதான் இருக்கிறது அண்ணா. நீயே கண்டுபிடித்தாய் என்று உன்னை நம்ப வைக்க வேண்டும்.

இவள் நிஜமாகவே நல்ல பாடகி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. உடைந்த லென்ஸ்களை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அவற்றைத் தட்டித்தான் அந்தச் சத்தம் எடுக்கிறாள். மேலாளர் என்னிடம், "இவளும் எடுபடலேன்னா நாம வேற மாதிரி பேச வேண்டியிருக்கும்" என்று சொல்லியிருந்தார். உன் பலகையில் ஏறினால் வானொலியில் ஏறுவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடிச் சத்தம் இல்லாமல் அந்தப் பாட்டு உன் காதுக்கு மொட்டையாக இருக்கும் என்பதும் தெரியும். அதனால் மாற்றினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மேஜையைத் தட்டியது நான். ஆபீஸ் மேஜை, என் கை. நாலு நாள் பழகித் தட்டினேன். அந்தத் தட்டுக்காகவே கேளுங்கள் என்று நீ பலகையில் எழுதியதைப் படித்துவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதேன். நான் செய்த ஒன்றை நீ பாராட்டியது அதுதான் முதல் தடவை. யார் செய்தது என்று தெரிந்திருந்தால் பாராட்டியிருக்க மாட்டாய்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் தங்கை


மார்ச் 1

தங்கைக்கு,

திருகாணி டப்பா விஷயம் எனக்கு நினைவில்லை. நீ சொல்வதால் நடந்திருக்கும், நான் அப்படிப்பட்டவன்தான். உன் தட்டும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஆத்திரமே அதனால்தான்.

ஆனால் இந்த விவகாரம் நம் இரண்டு பேரோடு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் சின்னச் சின்னக் கீறல். பலகைக்கு முன் நின்று கொஞ்ச நேரம் படித்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரி முழுக்க அதை அழிக்கவும் மனமில்லை, புதிதாக எழுதவும் தைரியம் இல்லை, அப்படியே கிடந்தது.

"நான்தான் அண்ணா அடுத்த வீடு. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்" என்றாள். அப்புறம் தயங்கிக்கொண்டே கேட்டாள்: "ரேடியோல கூப்பிட்டாங்க. அந்த மேஜைத் தட்டையும் வாசிங்க, அதத்தான் எல்லாரும் எதிர்பாக்கறாங்கன்னாங்க. என் பாட்டுல மேஜையே கிடையாதே. நீங்க எதக் கேட்டீங்க?"

மறைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எதற்கு மறைக்க வேண்டும், நானா செய்தேன் என்று பிளேயரைப் போட்டுக் காட்டினேன். முழுப் பாட்டையும் கேட்டாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இது என் பாட்டு இல்ல" என்றாள். உன்னை அக்கா அக்கா என்றுதான் சொன்னாள். "அக்காவா செஞ்சாங்க? அக்கா கண்ணாடிச் சத்தம்தான் இதுல எல்லாமேன்னு சொன்னாங்களே."

அப்புறம் தன் பாட்டை என் நல்ல ஹெட்போனில் போட்டு என் காதில் மாட்டினாள். எதிரே நின்றுகொண்டு, சத்தம் வரும் இடத்திலெல்லாம் விரலால் காற்றில் தட்டிக் காட்டினாள். அந்த விரலைத்தான் பார்த்தேன். "கேக்குதா?" என்றாள்.

டீச்சரிடம் சொன்ன பொய்யை இவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "கேக்கலம்மா, எனக்கு அந்தச் சத்தமெல்லாம் போயிடுச்சு" என்றேன். என் வாயால் ஒரு அந்நிய ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "மொத மொத ஒருத்தர் என் பாட்டப் பத்தி எழுதியிருக்கார்னு அம்மாவக் கூட்டிட்டு வந்து இந்தப் பலகையக் காட்டினேன் அண்ணா" என்றாள். எழுந்து போகும்போது, "அத அழிச்சிடுங்க. அது வேற யாரோட பாட்டோ" என்றாள். அழித்துவிட்டேன். வானொலிக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டாளாம்.

என்னை ஏமாற்றினாய், என் தங்கை, போகட்டும் என்று ஒரு நாள் விட்டுவிடுவேனோ என்னவோ. ஆனால் என் கையாலேயே அவளை ஏமாற்ற வைத்தாயே, அதற்கு என்ன சொல்வது?

இப்போது ஒரே ஒரு கேள்வி. இந்த மூன்று வாரமாக வேறெதையும் யோசிக்கவில்லை. காதைப் பற்றி உனக்கு எழுதியதற்கு அப்புறம் என் பலகையில் எத்தனையோ பாட்டு எழுதியிருக்கிறேன். நீ அனுப்பியது இந்த ஒன்று மட்டும்தானா?

அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

அந்தப் பெண் என் ஆபீஸுக்கும் வந்தாள். ஒப்பந்தத்தைக் கிழித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள், அந்த மேஜையில்தான். நான் எழுந்து பின்னால் ஓடினேன், லிஃப்ட் கதவு மூடிவிட்டது. அவள் எண்ணுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. உன்னிடம் வந்தால் தயவுசெய்து சொல், அவள் பாட்டைக் கெடுக்க நினைக்கவில்லை, ஊர் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன் என்று.

மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. இந்த மாதக் கடைசியோடு வேலை போகிறது. உன்னிடம் இரக்கம் தேடி இதை எழுதவில்லை, வேறு வழியில் உனக்குத் தெரியவந்து அதையும் மறைத்தேன் என்று நீ நினைக்கக்கூடாது.

நீ அவளிடம் உண்மையைச் சொன்னது பெரிய விஷயம். நானாக இருந்தால் கேட்கிறது என்று சொல்லியிருப்பேன். நம் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசமே அதுதான் என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். காதுக்குக் கருவி ஒன்று வைத்துக்கொள்ளேன் அண்ணா, இப்போது வெளியே தெரியாத மாதிரியெல்லாம் வந்திருக்கிறது. நான் விசாரித்து எழுதட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை


மார்ச் 11

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. காதுக் கருவிக்கு மட்டும் பதில் இருக்கிறது.

இந்த ஒன்று மட்டும்தானா? ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. வேறு எதையும் எழுதாதே.


மார்ச் 17

அண்ணா,

இல்லை.

வேறு எதையும் எழுதாதே என்கிறாய். இதற்கு மேல் எழுதாவிட்டால் நீயே கற்பனை செய்துகொள்வாய், அது இதைவிட மோசமாக இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

காதைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்தது ஒரு அக்டோபரில். அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் நீ பலகையில் எழுதிய இரண்டு பாட்டும் நீயாகத் தேர்ந்தெடுத்தவை. அவற்றில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. இரண்டிலும் கிறீச்சென்று ஒரு சத்தம், பல் கூசும். நீ அதைக் கடை ஸ்பீக்கரில் நாள் முழுக்கப் போட்டாய். தையல்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தைத்தார். கல்லூரிப் பிள்ளைகள் வாசலில் நின்று காதைப் பொத்திக் காட்டிச் சிரித்தார்கள். நீ அவர்களைப் பார்த்துக் கையசைத்தாயாம், பாட்டுப் பிடித்துப் போய்ச் சிரிக்கிறார்கள் என்று.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அண்ணி சொன்னாள். உன் காது விஷயம் அண்ணிக்கு உனக்கு முன்னாலேயே தெரியும். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாத மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு டாக்டர் வந்தா சொல்ல வேண்டும்? போன வருஷ ஜனவரியில் எந்தப் பாட்டும் பிடிபடாமல் பலகையை வெறுமையாக விட்டுவிட்டு நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அப்போதுதான் போன் செய்தாள். "ஏதாவது பண்ணேன், அவருக்கு அந்தப் பலகைதான் எல்லாம்" என்றாள்.

பிப்ரவரியில் முதல் பாட்டை அனுப்பினேன். ஒரு பழைய டேப் ரெக்கார்டரில், ஒரு ஆசிரியர் கையில். அடுத்ததை ஒரு கார் ஸ்டீரியோவில். அப்புறம் மாதம் ஒன்று. ஒவ்வொரு பாட்டையும், மேல் சத்தத்தைக் குறைத்து வைத்து, உன் காதால் கேட்பதுபோல் கேட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன். எது உனக்கு எட்டும், எது எட்டாது என்று எனக்கு அத்துப்படி. எப்போது யார் கையில் அனுப்பலாம் என்று அண்ணி சொல்வாள். அந்த பிப்ரவரியிலிருந்து இந்த ஜனவரி வரை உன் பலகையில் பன்னிரண்டு பாட்டு ஏறியிருக்கிறது. பன்னிரண்டும் நான் அனுப்பியவை.

அவற்றில் பதினொன்றில் எங்கள் கம்பெனிப் பாடகர் ஒருவர்கூட இல்லை. என் வேலைக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அவை உனக்காக. பன்னிரண்டாவது மட்டும்தான் எனக்காக. பதினோரு மாதம் உனக்காகப் பொய் சொன்னேனே, ஒரு தடவை எனக்காகச் சொன்னால் என்ன என்று நினைத்துவிட்டேன்.

அண்ணியைத் திட்டாதே. வீட்டு விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன், அவள்தான் இதை உன் கையில் கொடுத்திருப்பாள். நீ படித்து முடிக்கும்வரை அவள் அடுப்பங்கரையில்தான் நிற்பாள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

உன் தங்கை